பேட்டரியைக் கழற்றி வைத்தவள்

ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே குற்றமாகிவிடும் என்று உரகாவா தமாயோவிடம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், சொன்னவர் தலையில் சோற்றுக் கரண்டி விழுந்திருக்கும். நாகசாகியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் முப்பது வருஷம் அண்டா கிளறிய கை அது. அறுபத்தெட்டு வயதிலும் அந்தக் கைக்கு ஓய்வு என்றால் என்னவென்று தெரியாது, வாய்க்கும் தெரியாது.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்ததும் எந்த இயந்திரமும் முழுசாக நிற்கக் கூடாது. காய் நறுக்கும் இயந்திரத்தின் கத்தியைக் கழற்று, கழுவு, துடை, காயவை, தனியாக வை. நாளைக் காலையில் மறுபடி மாட்டு. பிள்ளைகள் சாப்பிடுகிற இடம், ஈரம் நின்றால் விஷம். முப்பது வருஷம் இப்படிக் கழற்றி மாட்டிய பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் வெளியூர் போனால்கூடச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தமாயோ கிளம்புவாள். ஒருமுறை டார்ச்சுக்குள் மறந்துபோன பேட்டரி வெள்ளையாகக் கக்கி ஸ்பிரிங்கையே தின்றுவிட்டது. அன்றிலிருந்து டார்ச்சிலும் பேட்டரி தங்கியதில்லை. இருட்டில் டார்ச்சைத் தேடிப் பிடித்து, பிறகு பேட்டரியைத் தேடிப் பிடித்து, அதற்குள் விடிந்துவிடும் என்று மகன் ஒசாகாவிலிருந்து போனில் கேலி செய்வான்.

கேமராவும் கூடத்திலிருந்து வந்ததுதான். தினமும் தட்டில் என்ன பரிமாறினோம் என்று ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். அதற்காக வாங்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய டிஜிட்டல் கேமரா. புதுசு வந்ததும் பழையதைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். தமாயோ விடுவாளா? "நல்லா இருக்கற பொருளைக் குப்பையில போட்டா கை அழுகிப் போகும்" என்று சண்டை போட்டு வாங்கி வந்தாள்.

வீட்டில் அதற்கு ராஜ மரியாதை. படம் எடுத்து முடித்த நிமிஷமே பேட்டரி வெளியே வந்துவிடும். பித்தளை முனைகளைப் பஞ்சால் துடைத்து, பேட்டரியை ஒரு தேயிலை டப்பாவிலும் கேமராவை இன்னொரு டப்பாவிலும் வைப்பாள். இரண்டிலும், கடற்பாசி பாக்கெட்டுக்குள் ஈரம் உறிஞ்சப் போட்டிருப்பார்களே, அந்தச் சின்னப் பொட்டலங்கள். அடுத்த முறை பேட்டரியைப் போட்டுத் திறந்ததும் கேமரா தேதியைக் கேட்கும். "அது எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும், சரின்னு அமுக்குங்க, போயிடும்" என்று கூடத்தில் ஒரு சின்னப் பெண் என்றோ சொல்லியிருந்தாள். தமாயோ சரி என்று அமுக்குவாள், அது போய்விடும்.

அவள் வீடு மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே. வண்டி வராது, படிதான். வீடு பாறைமேல் நிற்கிறது. முற்றத்தைத் தாங்குவது பழைய கற்சுவர் ஒன்று. அந்தச் சுவரின் கீழே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மோரியுச்சி கினுவின் அடுக்களை ஜன்னல். கினுவுக்கு எழுபத்தைந்து வயது, உடம்பெல்லாம் சர்க்கரை, நாக்கெல்லாம் மிளகாய். இருவருக்கும் நாற்பது வருஷப் பழக்கம். மேலேயிருந்து தமாயோ கயிற்றில் கூடை இறக்குவாள், கீழேயிருந்து கினு எதையாவது போட்டு அனுப்புவாள். கூடவே, "போன தடவை அனுப்புன முள்ளங்கியில மண்ணு இருந்துச்சுடி, கூடத்துல இப்படித்தான் புள்ளைங்களுக்குப் போட்டியா?" என்ற வசவும் இலவசமாக மேலேறி வரும்.

போன இலையுதிர்காலத்தில் சுவரின் அடியில், கினு வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் மனையை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கியது. துறைமுகம் தெரிகிற மாதிரி சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டப் போகிறார்களாம். அதில் இருந்த லோக்வாட் என்ற பழமரத்தை வெட்டினார்கள். தரையைச் சமன் செய்கிறோம் என்று சுவரின் காலடி மண்ணை வழித்து எடுத்தார்கள். ஒரு மனுஷனைச் சகதியில் நிற்கவைத்துக் காலுக்கடியில் மண்ணைத் தோண்டினால் எவ்வளவு நேரம் நிற்பான்? சுவரும் அவ்வளவு நேரம்தான் நின்றது. குளிர்காலம் முடிவதற்குள் நடுவில் உப்பத் தொடங்கியது. சுவர் கர்ப்பமாகிவிட்டது என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். அந்தப் பிரசவம் கினுவின் அடுக்களைக்குள்தான் நடக்கும் என்பது தமாயோவுக்குப் புரிந்துவிட்டது. ஜூன் மாத மழைக்குள் சுவரைப் பிரித்துக் கட்டாவிட்டால் கினு செத்தாள்.

அவள் கவலை தன் வீட்டைப் பற்றியதல்ல. பட்டாப்படி சுவர் தமாயோவுடையது. தன் சுவர் விழுந்து கினு சாவதா? அதை நினைத்தாலே தமாயோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கண்ணாடிப் பாட்டில் குப்பை எடுக்கிற காலையில், படியிறங்கும்போது கேமராவையும் எடுத்துப் போய், அதே இடத்தில் நின்று, சுவர் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கமாகப் படம் எடுத்தாள். திரும்பி வந்து பேட்டரியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

கம்பெனி தரப்பில் பேச வந்தவன் பெயர் இசாயாமா. நாற்பது வயதிருக்கும். முதுகு எப்போதும் பாதி வளைந்தே இருக்கும், நாக்கில் தேன் ஒழுகும். "கண்டிப்பா ஆராய்ந்து பார்க்கிறோம்" என்பான். அந்த ஊரில் ஒருவன் ஆராய்ந்து பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஏப்ரலில் பேட்டைச் சங்கத்துக் கூடத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்தார் சங்கத் தலைவர் தெகுச்சி. ஓய்வுபெற்ற தபால்காரர், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், முன்வரிசையில் கினு. தமாயோ வரும் வழியில் போட்டோக் கடையில் பிரிண்ட் உறையை வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தாள். "எல்லாத்துலயும் தேதி விழணும், தேதி இல்லாம குடுத்தா வாங்க மாட்டேன்" என்று கடையில் கறாராகச் சொல்லி எடுத்த பிரிண்டுகள். தான் எடுத்த படத்தைத் தான் என்ன பார்ப்பது என்று உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே மேசைமேல் வைத்தாள்.

இசாயாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முதுகு நிமிர்ந்தது.

"உரகாவா சான், இதெல்லாம் நீங்களே எடுத்த படங்கதானே?"

"பின்ன, உங்க கம்பெனியா வந்து எடுத்துக் குடுத்துச்சு?"

"தேதியும் உங்க கேமரா போட்டதுதானே?"

"ஆமா. ஒரு மாசம் தவறாம எடுத்திருக்கேன். நல்லாப் பாருங்க."

"பார்த்தேன்ங்க. இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி ஒண்ணு. இதுவும் இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி ஒண்ணு. எல்லாமே அதே." படங்களைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பி ஊராருக்குத் திருப்பினான். ஓரத்தில் ஆரஞ்சு எழுத்து எல்லோருக்கும் தெரிந்தது. "அப்போ எங்க கம்பெனி இந்த மேட்டுக்கு வந்ததே கிடையாதுங்க. இந்தச் சுவர் அப்பவே உப்பியிருக்குன்னு உங்க கேமராவே சொல்லுதே. நாங்க என்னங்க செய்ய முடியும்?"

காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைவிட மோசம். தமாயோ எழுந்து நின்றாள்.

"என்ன பேசறீங்க? புத்தாண்டு அன்னிக்குக் கோயிலுக்குப் போவேனா, இல்ல சுவரைப் படம் புடிச்சுக்கிட்டு நிப்பேனா? அந்தக் கேமரா எதையோ உளறுது!"

"கேமரா உளறுதுன்னு நீங்களே சொன்னா, இந்தப் படங்களை நாங்க எப்படிங்க சாட்சியா எடுத்துக்கறது?" என்றான் இசாயாமா, மறுபடி முதுகை வளைத்து.

எப்படிப் போனாலும் கத்தி அவள் கழுத்துக்குத்தான். தேதி சரி என்றால் சுவர் எப்போதோ கெட்டது, தேதி தப்பு என்றால் படமே செல்லாது. தெகுச்சி இருமினார். "நம்ம மேட்டுல இதுவரைக்கும் சண்டைன்னு ஒண்ணு வந்ததில்ல... இன்னிக்கு இதோட விட்டுட்டு, ஆறப்போட்டு..." என்று இழுத்தார். அநியாயம் நடக்கும்போது அமைதி பேசுகிறவனைப் போல எரிச்சலூட்டுகிறவன் உலகத்தில் கிடையாது.

ஆனால் தமாயோவுக்கு வலித்தது அதுவல்ல. வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் கினு காத்திருந்தாள்.

"அத்தனை வருசமாவா தெரியும் உனக்கு?"

"கினு அக்கா, அது பொய்த் தேதி. நான் சத்தியமா..."

"அத்தனை வருசமா என் தலைக்கு மேல அது உப்பிக்கிட்டு இருந்திருக்கு. நீ மேலேருந்து படம் புடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. இப்ப கம்பெனிக்காரன் வந்ததும் அவன் தலையில கட்டப் பாக்கற. நல்லா இருடியம்மா."

"என்னைப் பத்தி அப்படி நினைக்கறியா நீ?"

"நான் எங்க நினைச்சேன்? உன் கேமராதானே சொல்லுது."

மறுநாள் கூடையை இறக்கினபோது கினுவின் ஜன்னல் மூடியிருந்தது. கூடை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. தமாயோ அதை மேலே இழுத்து, உள்ளே இருந்த கிழங்கை எடுத்து, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்குக் கைகால் ஓடும். இரண்டு டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கடைத்தெரு மூலையில் பழைய கேமராக்கள் விற்கிற கடை. உள்ளே மிஹோ என்ற பெண், தலைமுடியில் பாதி பச்சை. தமாயோ டப்பாவைத் திறந்து, கேமராவையும் பேட்டரியையும் மேசைமேல் வைத்து, "இந்தச் சனியன் ஏன் பொய் சொல்லுது, எனக்கு இப்பவே தெரியணும்" என்றாள்.

மிஹோ கேமராவைத் திருப்பிப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், பொட்டலங்களைப் பார்த்தாள்.

"அம்மா, இவ்வளவு சுத்தமா ஒரு பழைய கேமராவை நான் பார்த்ததே இல்ல. பேட்டரியை எப்பல்லாம் கழற்றுவீங்க?"

"எடுத்து முடிச்ச உடனே. வேற எப்போ? உள்ளேயே விட்டா கக்கித் தொலைக்காதா?"

"மாசக்கணக்கா தொடப் போறதில்லைன்னா கழற்றறது ரொம்ப நல்லது. ஆனா நீங்க..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "இதுக்குள்ள இன்னொரு பேட்டரி இருக்கும்மா. குட்டியா, பட்டாணி மாதிரி. கடிகாரம் ஓடறது அதுலதான். அதுக்குச் சொந்தமா சாப்பாடு கிடையாது, பெரிய பேட்டரிகிட்டேருந்துதான் குடிக்கணும். நீங்க பெரியதைக் கழற்றினா, சின்னது கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் தீர்ந்து போயிடும். அது தீர்ந்ததும் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிடும். இந்தக் கேமராவுக்கு ஆரம்பம்ங்கறது இரண்டாயிரத்து ஐந்து ஜனவரி ஒண்ணு. நீங்க சரின்னு அமுக்கினதும் அதையே எடுத்துக்குது."

"அப்ப நான் துடைச்சுத் துடைச்சு வச்சது..."

"அதைப் பட்டினி போட்டிருக்கீங்கம்மா. வருசக்கணக்கா. இப்ப செத்தே போச்சு. இனிமே ராத்திரி பூரா பேட்டரியை உள்ள விட்டாலும் அது ஏத்துக்காது."

முப்பது வருஷம் ஒரு பிள்ளையைக்கூடப் பட்டினி போடாதவளிடம் சொல்கிற வார்த்தையா அது! தமாயோ முகம் சிவந்து போனாள்.

"சரி, செத்ததை எடுத்துட்டு வேற போடு."

"முடியாதும்மா. உள்ளேயே ஈயம் வச்சு ஒட்டியிருக்காங்க. திறந்தா கேமரா போச்சு."

"சாகப் போற பொருள்னு செஞ்சவனுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சே கைக்கு எட்டாத இடத்துல வச்சு ஒட்டினானா? எங்க கூடத்துல ஒருத்தி கத்தியைக் கழற்ற முடியாம பூட்டி வச்சா, அன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்! சரி, தேதி கேக்குதே, பட்டாணி செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஊமை மாதிரி தேதியை மட்டும் கேட்டா எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

மிஹோவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. எல்லாப் படத்துலயும் இதே தேதிதான் இருக்கும், பாருங்க" என்று கேமராவின் சின்னத் திரையில் கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். உப்பிய சுவர், கொஞ்சம் குறைவாக உப்பிய சுவர், இன்னும் குறைவாக. ஜனவரி ஒன்று, ஜனவரி ஒன்று. முதல் படத்தில் நின்றது. அது சுவருக்காக எடுத்ததே அல்ல. மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒரு படம் என்று எடுத்த லோக்வாட் மரம். அதனால்தான் தமாயோ அதைப் பிரிண்ட் போடச் சொல்லவில்லை.

"நிறுத்து, நிறுத்து. மரத்துக்குப் பக்கத்துல யாரு அது? பெருசாக்கு."

மிஹோ பெரிதாக்கினாள். மரத்தின் பின்னால் சுவர், எண்ணெய் தடவிச் சீவின தலை போல நேராக நின்றது. சுவரின் காலடியில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள், ஒரு சின்னக் கரும்பலகையை மார்புக்கு நேராகப் பிடித்திருந்தான். எதிரே ஒருவன் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த நாட்டில் ஒரு பள்ளம் தோண்டினாலும் இப்படித்தான். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும், எடுக்கும்போது வேலையின் பெயரும் இடமும் தேதியும் எழுதிய பலகையை யாராவது பிடித்துக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். தெருவில் நடக்கிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், தபால்பெட்டி மாதிரி பழகிப்போன காட்சி.

"கேமராத் தேதியை யாரு வேணா மாத்தலாம்ல, அதனாலதான் பலகை பிடிக்கறாங்க" என்றாள் மிஹோ, தன்பாட்டுக்கு.

தமாயோ மேசையை ஓங்கி அறைந்தாள். பஞ்சும் பொட்டலமும் துள்ளின.

"கேட்டியா நியாயத்தை! அவனுங்களே கேமராத் தேதியை நம்பறதில்ல. பலகை புடிக்கறானுங்க. என் கேமராத் தேதியை மட்டும் ஊர் முன்னாடி வேதவாக்கு மாதிரி படிச்சான், பாவி! இதைக் கதவு அளவுக்குப் பெருசாப் போட்டுக் குடு."

மே மாதம் மறுபடி கூட்டம். கினுவும் வந்தாள். வந்தவள் தமாயோவின் பக்கம் பார்க்காமலே போய் இசாயாமாவின் பக்கத்தில் தரையில் கிடந்த உட்காரும் மெத்தையில் உட்கார்ந்தாள். அதைத் தமாயோ பார்த்தாள். ஆனால் வாய் அடைக்கவில்லை. படத்தை விரித்து, நாலு மூலையிலும் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

"இந்தப் படத்துலயும் இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி ஒண்ணுதான் இருக்கு. அதைப் படிச்சீங்கள்ல, இப்ப இந்தப் பலகையையும் படிங்க, தம்பி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

இசாயாமா படிக்கவில்லை. தெகுச்சிதான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "மண் அகற்றும் வேலை. தொடங்கும் முன். போன வருஷம், அக்டோபர்..." தேதி வரைக்கும் வாசித்து நிமிர்ந்தார்.

"தொடங்கும் முன். பின்னாடி சுவர் எப்படி நிக்குது, பாருங்க. எங்க உப்பியிருக்கு? கையை வச்சுக் காட்டுங்க."

"பலகையில யார் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாமேங்க..." என்று இசாயாமா ஆரம்பித்தான்.

கினு படத்தின்மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தாள், திரும்பிப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"எழுதறது யார் வேணாலும் எழுதலாம். ஆனா பலகையைப் புடிச்சுக்கிட்டு நிக்கற மூஞ்சி இதோ என் பக்கத்துல உக்காந்திருக்கற மூஞ்சியாச்சே!"

கூடமே எட்டிப் பார்த்தது. மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே, சந்தேகமே இல்லை, இசாயாமா. திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் உட்கார்ந்திருந்தான்.

தமாயோவுக்கே அது தெரியாது. கடையில் அவள் கண் பலகையை விட்டு மேலே போகவே இல்லை. இப்போது தெரிந்ததும் படத்தின்மேல் விரலைக் குத்தினாள்.

"எதிர்ல ஒருத்தன் உங்களைப் படம் எடுக்கறானே, அந்தப் படம் எங்க? உங்க ஆபீஸ்லதானே இருக்கு? இந்தச் சுவர் நேரா நின்னதை உங்க ரெண்டு கண்ணால பாத்திருக்கீங்க. பாத்துட்டு, அன்னிக்கு என் படத்தைச் சீட்டுக்கட்டாட்டம் விரிச்சு, இந்த ஊர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தீங்களா? நான் சோறாக்கிப் போட்டவ, எனக்குத் தெரியாதா எந்தச் சோத்துல எது மறையும்னு!"

இசாயாமா நெற்றி தரையில் படக் குனிந்தான். சுவரைக் கம்பெனி செலவில் பிரித்துக் கட்டித் தருவதாகச் சொன்னான். ஊரார் முன் சொன்னதால் பின்வாங்க முடியாது. கினு எழுந்து, தன் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து தமாயோவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "தள்ளி உக்காருடி, இடமே இல்ல" என்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கம்பெனி என்று ஒன்று இருக்கிறதே! இந்த மழைக்காலம் முடிந்ததும் வேலை ஆரம்பிக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவரைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? சுவருக்கு ஒரு நீல பிளாஸ்டிக் தாள் போர்த்தி, கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். கல்லுக்குக் குளிருமாம்!

தமாயோ கீழே போய்க் கினுவின் மெத்தையையும் போர்வையையும் முதுகில் கட்டிக்கொண்டு படியேறினாள். "சுவர் கட்டி முடிக்கற வரைக்கும் நீ என் வீட்டுலதான் தூங்கற. வாயைத் திறந்தா உன்னையும் கட்டித் தூக்கிட்டுப் போவேன்" என்றாள். கினு முனகிக்கொண்டே வந்தாள். தூங்குவது மேலே, ஆனால் விடிந்ததும் படியிறங்கித் தன் அடுக்களைக்குப் போய்விடுவாள். தமாயோவின் மிசோ சூப் உப்பாம், அடுப்பு சரியில்லையாம், இந்த வீட்டு அரிசி கல்லாம். தினமும் அதே நேரம், தன் ஜன்னலுக்கு முன் நின்று அரிசி களைந்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்த மூன்றாம் நாள் காலையில் கினு வாசலுக்கு வந்தபோது அவள் செருப்பைக் காணவில்லை.

"எங்கடி என் செருப்பு?"

"ஒளிச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு நீ கீழ போகக் கூடாது."

"உன் உப்பு மிசோவைக் குடிச்சே நான் செத்துப் போகணுமா? செருப்பை எடுடி!"

"எடுக்க மாட்டேன்."

"உன் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போறேன், போ!"

"அதையும் ஒளிச்சுட்டேன்!"

இரண்டு கிழவிகளும் வாசலில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தின் கடைசியில் பூந்தொட்டிகள் வரிசையாகத் தலையாட்டின. ஆட்டிவிட்டு மறைந்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நீலத் தாள் ஒருமுறை மேலே பறந்து, தழைந்து விழுந்தது. கினு வெறுங்காலோடு நின்றாள். தமாயோவின் கையை விடவே இல்லை.

மறுநாள் மழை வெறித்ததும் இசாயாமா வந்தான். கறுப்பு சூட்டு, கையில் பட்டுத்துணியில் சுற்றிய காஸ்டெல்லா கேக் பெட்டி. தப்பு செய்தவன் இனிப்புப் பெட்டியோடு வருவது அங்கே வழக்கம். கினு வீட்டு வாசலில் இரண்டு கிழவிகளுக்கும் முன்னால் நின்று ஆழமாகக் குனிந்தான்.

"நடந்ததுக்கு மனமார வருந்துகிறோம். எதிர்பாராத மழை. யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கறது பெரிய அதிர்ஷ்டம்."

"என்னது?" என்றாள் தமாயோ.

"அதிர்ஷ்டவசமா யாருக்கும்..."

"அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டமா வந்து மெத்தையை முதுகுல சுமந்துச்சு? அதிர்ஷ்டமா வந்து செருப்பை ஒளிச்சு வச்சுச்சு? உள்ள வாங்க, தம்பி. செருப்போடயே வாங்க, பரவாயில்ல, இனிமே அழுக்காக என்ன இருக்கு?"

அவன் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள். ஜன்னல் இல்லை, ஜன்னல் இருந்த சுவரும் இல்லை. மண்ணும் கல்லும் இடுப்பளவு. கழுவும் தொட்டி மட்டும் நசுங்கி நின்றது. அதற்குள் தர்பூசணி அளவில் ஒரு கல். கல்லுக்கு அடியில் அரிசி களையும் கூடை அப்பளமாகக் கிடந்தது.

"இங்க நில்லுங்க. இன்னும் கிட்ட. இங்கதான் கினு அக்கா தினம் நிக்கும். இந்த நேரத்துக்கு, குனிஞ்சுக்கிட்டு. நீங்களும் குனிங்க. உங்களுக்குத்தான் குனிய நல்லா வருமே."

இசாயாமா குனிந்தான். அவன் முகத்துக்கு நேராக அந்தக் கல். உதடு வெளுத்துப்போய் அப்படியே நின்றான். கினு அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். "கேக் என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள்.

பிறகு இசாயாமா சூட்டின் கையைச் சுருட்டாமலே இரண்டு கையாலும் அந்தக் கல்லைத் தொட்டியிலிருந்து தூக்கினான். சேறு மார்பெல்லாம் வழிந்தது.

"இதை... எங்கங்க வைக்கட்டும்?"

"உங்க ஆபீஸ்ல, உங்க மேசைமேல" என்றாள் தமாயோ. "அடுத்த தடவை எவளாவது ஒருத்தி படத்தை எடுத்துக்கிட்டு வந்தா, முதல்ல அதைப் பாருங்க."

இசாயாமா கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து படியிறங்கத் தொடங்கினான். மழை வெறித்த காலை, எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். தெகுச்சியும் நின்றார். அந்த மேட்டில் யார் சுமையோடு போனாலும், தெரிந்தவனோ தெரியாதவனோ, ஒரு கை பிடிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. பாதிப் படியில் இசாயாமா கல்லைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். ஒருவரும் அசையவில்லை. அவனே மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினான்.